ருசி பாக்காம வச்ச கைநாட்டு

மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துல ஒதுங்காத ஆளு நானு. உச்சிப்புளிப் பக்கம் மழை பேஞ்சாத்தான ஒதுங்குறதுக்கு! ஒரே ஒரு தடவ போனேன். அதுவும் சண்டை போட.

அப்ப மக மூணாப்பு. மத்தியானம் சத்துணவுதான். நான் மிளகாத் தோட்டத்துல களை வெட்டிக்கிட்டு இருக்கேன், வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து வரப்புலயே வாந்தி எடுத்தா. சோத்தோட ரெண்டு வெள்ளைப் புழு.

"தெனமும் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் அய்யா திம்பேன். இன்னைக்குப் பசில பாக்கல"ன்னா.

அவளத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுனேன். சத்துணவுக் கூடத்துல, சோத்தச் சோதிக்க வந்த ஆபீசர் நாற்காலில உக்காந்திருக்காரு, கையில இளநீயோட. பக்கத்துல சத்துணவு அமைப்பாளர்.

"சார், புழுத்த அரிசிய வடிச்சுப் போடுறாங்க!"

அமைப்பாளர் சிரிச்சுக்கிட்டே நோட்ட விரிச்சாரு. "அண்ணே, இது யாரு கைநாட்டு?"

என்னோடதுதான். போன வாரம் டீக்கடையில வச்சு, "பெத்தவங்க சார்புல ஊருக்கே நீங்கதாண்ணே வைக்கணும்"னாரு. ஊருக்கே நானாம்! வாயில இருந்த வடைய முழுங்கல, அதுக்குள்ள பெருவிரல நீட்டிட்டேன். என்ன எழுதிருக்குன்னு கேட்டா கௌரவம் போயிருமே.

"படிச்சுச் சொல்லு தாயி"ன்னேன் மககிட்ட.

எழுத்துக்கூட்டி வாசிச்சா: "உணவு தரமாகவும் சுவையாகவும் உள்ளது." வாசிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தா. "அய்யா, நீயா அப்படிச் சொன்ன?"

செருப்பால அடிச்சிருந்தாக்கூட தேவல.

"சார், நீங்க ஒரு வாய் தின்னுட்டு எழுதுங்க"ன்னேன்.

"எனக்குச் சுகருய்யா"ன்னாரு. இளநீய மட்டும் கீழ வைக்கல.

வந்த ஆத்திரத்துல, அண்டாவுல ஒட்டிக் கெடந்த சாம்பாருல பெருவிரல முக்கி, பழைய கைநாட்டுக்குப் பக்கத்துலயே ஓங்கி வச்சேன். "அது வடை தின்னுக்கிட்டே வச்சது. இது எம்பிள்ள வாந்தியப் பாத்துட்டு வைக்கிறது. ரெண்டையும் மேல அனுப்புங்க!"

"ஏலே, கவர்மெண்டு நோட்டுடா!"ன்னு அமைப்பாளர் பாஞ்சாரு. அதுவரைக்கும் நான் அண்ணே.

ஒரு வாரம் புழு இல்ல. அப்புறம் பழையபடிதான். எங்க வீட்ல மத்தியானம் அடுப்பெரிஞ்சா நான் எதுக்கு அவள அங்கன அனுப்புறேன்? தெனமும் காலையில தட்டக் கழுவிக் கையில குடுத்து, "எம்புட்டுப் பசிச்சாலும் பாத்துத் தின்னு தாயி"ன்னு சொல்லி அனுப்புனேன். பெத்தவன் பிள்ளைக்குச் சொல்ற புத்தியாய்யா அது?