இரண்டெழுத்து மரியாதை

எனக்கு வாய் அதிகம் என்று, பெண் பார்க்க வந்தவர்களிடமே என் அப்பா சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, லால்குடியிலிருந்து எறையூர்ப் பக்கம் ஒரு கரும்புக்காரக் குடும்பத்துக்கு என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள். எழுபதுகளின் கடைசி அது.

அந்த வீட்டுக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு என் அப்பா வயது இருக்கும். மாமனார் அவரை 'வாடா' என்பார். என் கணவரும் 'வாடா'தான். எதிர்வீட்டில் பால்பல் விழாத பொடிசுகூட, "டேய், எங்கப்பா கூப்புடுறாரு" என்று வந்து நிற்கும். அவரும் "தோ வரேன் சாமி" என்று அதன் பின்னால் ஓடுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

ஒருநாள் மதியம் கொல்லை வாசலில் நின்றவரிடம், "உக்காருங்க, சோறு கொண்டாறேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அப்பா வயதுக்காரரிடம் வேறெப்படிப் பேசுவது? மாமியார் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடி இது? புருசனுக்கும் 'ங்க', பண்ணையாளுக்கும் 'ங்க'வா?"

நான் விடவில்லை. மறுநாளும் 'வாங்க' என்றேன், அதற்கடுத்த நாளும். ஆனால் திட்டு விழுந்தது எனக்கில்லை, அவருக்கு. மருமகளிடம் மரியாதை வாங்குமளவுக்குக் கொழுப்பேறிவிட்டதாம். அவரே என்னிடம் வந்து கெஞ்சினார்.

"வேணாம்மா. 'வா, போ'ன்னே சொல்லுங்க. ஐயா வேலைய வுட்டு நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

அவர் வயிற்றைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. அவருக்கு மரியாதை கொடுத்தால் வம்பு அவருக்கு. இவர்களிடமிருந்து அதை எடுத்துவிட்டால் வம்பு எனக்குத்தான். வரட்டும் என்று இருந்தேன்.

அடுத்த நாள் மாமனார் ஒரு பங்காளியோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கிறியா?" என்றேன்.

பங்காளிக்குப் புரையேறியது. என் கணவர் பாய்ந்து வந்தார். "நீயும் உக்காரு, ஒனக்கும் போடறேன்" என்றேன்.

லால்குடிக்கே பஸ் ஏற்றிவிடுவேன் என்று மாமனார் குதித்தார். "ஏத்திவுடு. ஏன் வந்தேன்னு கேக்குறவங்க எல்லார்கிட்டயும் காரணத்தச் சொல்லிடுறேன்" என்றேன்.

பிறகு விருந்தாளி யார் வந்தாலும், என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கவே அவர் பயந்தார். நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாக ஆள் வந்து சொல்லிப்போன மதியம், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பண்ணையாளுக்கும் 'ங்க' சொல்லிக்க. அவன வேலைய வுட்டு நிறுத்தல. எனக்கும் சொல்லித் தொலை."

தண்ணீர் பாய்ச்சிவிட்டு வயலிலிருந்து வந்தவர் கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று குரல் கொடுத்தேன். மாமனார் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க மாமா" என்றேன். "நான் அவரக் கூப்புட்டேன்."