தெறி தைக்கும் நேரத்து நாடகம்

தபாலட்டையை வாசிப்பது குற்றம் என்று நான் நினைப்பதில்லை. மூடி ஒட்டத் தெரியாமலா அதை எழுதுகிறார்கள்? மடத்துவெளியில் எங்கள் வீட்டு முன்னறைதான் தபால் கந்தோர். அதில் உப தபாலதிபராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். வந்த அட்டையெல்லாம் வாசித்தேன். பரிமளத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்ததும் அதனால்தான்.

பரிமளம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த தையற்காரி. கலியாணம் சரிவரவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஊசிக்கு நூல் கோர்க்கத் தொடங்கிவிடுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள்தான் அவளுக்குப் பிழைப்பு. ஞாயிறு மாலை வானொலியில் நாடகம் தொடங்கியதும் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். அந்தச் சத்தத்தில் வசனம் கேட்காது. சட்டைகளுக்குத் தெறி, அதாவது பொத்தான், தைப்பது அந்த அரைமணி நேரத்தில்தான். காது நாடகத்தில் இருக்கும், கண் ஊசியில் இருக்கும்.

கொழும்பில் இருந்து வைரவநாதன் எழுதும் நாடகம் என்றால் அவளுக்கு உயிர். அதற்காகப் புகழுவாள் என்று நினைக்கக் கூடாது. அறுபத்து நாலாம் ஆண்டு அவருக்கு முதல் கடிதம் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினாள். “உங்கள் பாத்திரங்கள் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார்கள். கோபம் வந்த மனிதர் பேசாமல் இருப்பார்கள்” என்று எழுதியிருந்தாள். பெரிய மனிதருக்கு இப்படியா எழுதுவது? ஆனால் பத்து நாளில் அவரிடமிருந்து அட்டை வந்தது. “ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாடகத்துக்கும் எழுதுங்கள்.”

அதன் பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு கடிதம் போகும், ஒரு அட்டை வரும். பதினெட்டு வருடம் அது தவறவில்லை. ஊருக்கு அவள் சட்டை தைக்கிற பரிமளம். அந்த அட்டைகளில் மட்டும் அவள் ‘மதிப்புக்குரிய விமர்சகர்’. எல்லாவற்றையும் அலுமாரியில் சேலைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தாள்.

எண்பத்திரண்டில், கப்பலில் வேலை செய்த என் மருமகன் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்து, ஊரில் மின்சாரம் இல்லாததால் கார் பற்றரியில் பூட்டிவிட்டுப் போனான். எனக்கு அதில் பிடிப்பில்லை. முன்னால் இருந்தால் நித்திரை வரும். அந்த வருடந்தான் வைரவநாதனின் முதல் தொலைக்காட்சி நாடகம் சனிக்கிழமை மாலைகளில் தொடங்கியது. என் மனைவி அன்னபூரணம் பரிமளத்தைக் கூப்பிட்டாள். கோயிலுக்கு உடுக்கிற சேலையோடும் ஒரு பை நிறையச் சட்டைகளோடும் அவள் வந்தாள்.

முதற் கிழமை, அந்த வாரத்துப் பகுதி முடிந்ததும், “தொடக்கந்தானே அண்ணை, பார்ப்பம்” என்று தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள்.

இரண்டாம் கிழமை, “தாய் ‘சாப்பிட்டியோ’ எண்டு கேட்டது அவரின்ரை எழுத்துத்தான். மற்றதுகள் எனக்குப் பிடிபடேல்லை” என்றாள்.

மூன்றாம் கிழமை அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இடையிலை இடையிலை ஒண்டுமே இல்லை அண்ணை, சும்மா கிடக்கு. மனுசனுக்கு எழுத்து வத்திப்போச்சோ?”

பாதி நேரம் குறட்டை விட்ட நான் பெரிய நியாயவாதி போல, “உள்ளதை எழுதும். பொய்க்குப் புகழாதையும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். “இது நீங்கள் எழுதியதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. இப்படி எழுதுவதைவிட எழுதாமல் விடுவது உங்களுக்கு மரியாதை” என்று முடித்திருந்தாள். நான் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அவள் ஒட்டித் தபால் பெட்டிக்குள் போட்டாள்.

திங்கள் காலை பஸ்ஸில் வந்த தபால் பையில் வைரவநாதனின் அட்டை இருந்தது. வழக்கம்போல வாசித்தேன். “கூடப் பேசுகிறார்கள் என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்தீர்கள். இம்முறை பேச்சைக் குறைத்து, சொல்ல வேண்டியதை முகங்களிலும் கைகளிலும் காட்டியிருக்கிறேன். இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.”

குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த அன்னபூரணத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

“அவள் எங்கை நாடகத்தைப் பார்த்தவள்?” என்றாள் அவள். “மூண்டு கிழமையும் குனிஞ்சபடி தெறியெல்லே தைச்சவள்.”

அது உண்மை. நாடகம் என்றால் தெறி தைக்கும் நேரம். பழகிய பழக்கம் அவளை நிமிர விடவில்லை.

பெட்டியைத் திறந்து அவளுடைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அட்டையை வாசித்தவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சட்டப்படி தர ஏலாது. ஆனால் இந்தாரும், கிழிச்சுப்போடும்” என்று கடிதத்தை நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை. “அந்த மனுசன் பதினெட்டு வருசமா என்ரை சொல்லைக் கேட்டிருக்கு. நான் மூண்டு கிழமை நிமிர்ந்து பார்க்கேல்லை. செய்ததை ஒளிக்கக் கூடாது அண்ணை. அந்தக் கடிதம் போகட்டும். சனிக்கிழமை பார்த்துப்போட்டு மற்றதை எழுதுறன்.” எழுந்து வாசல்வரை போய், “இனி எனக்கு அட்டை வராது” என்றாள்.

சனிக்கிழமை பையில்லாமல் வந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று நான் நித்திரை கொள்ளவில்லை. நாடகத்தில் புருசன் கத்திவிட்டு வெளியே போகிறான். பெண்சாதி ஒரு சொல் சொல்லாமல் அவனுடைய சட்டைக்கு அறுந்த தெறியைத் தைக்கிறாள். அவன் திரும்பி வந்து வாசலில் நின்று பார்க்கிறான். இரண்டு நிமிடம் ஒரு பேச்சு இல்லை. பரிமளம் மறைக்காமல் அழுதாள்.

முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எல்லாம் சரி அண்ணை. ஆனால் அவள் தெறிக்குக் கீழை நூலைச் சுத்தாமல் அறுத்துப்போட்டாள். அது ரெண்டு நாளிலை விழுந்திடும்” என்றாள்.

நிமிர்ந்து பார்க்காத கதையையும் இந்தத் தெறிக் கதையையும் எழுதி அனுப்பினாள். ஒரு கிழமை போனது, இரண்டு போனது. பஸ் வரும் நேரம் பார்த்து வந்து தேவையில்லாத முத்திரை வாங்குவாள். எனக்கு வைரவநாதன் மேல் கோபம் கோபமாக வந்தது.

நாலாவது கிழமை அட்டை வந்தது. அவருடைய கையெழுத்தைக் கண்டதும் கவிழ்த்து வைத்தேன். அதை அவளுக்கு முன்னம் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் வாசித்துவிட்டு என்னிடம் தள்ளினாள். “முதற் கடிதம் கிடைத்த பிறகு எழுதவே கை வரவில்லை. இரண்டாவது வந்த அன்றுதான் நித்திரை கொண்டேன். கடைசிப் பகுதி இன்னும் படமாக்கவில்லை. அதிலும் அந்தப் பெண் ஒரு தெறி தைப்பாள். எப்படித் தைக்க வேண்டும் என்று விமர்சகர் எழுதி அனுப்பவும்.”

பின்னேரம் ஒரு சிறு பொதியோடு வந்தாள். உள்ளே வெள்ளைத் துணித் துண்டில் நாலு தெறிகள் இருந்தன. ஒன்றில் ஊசி இப்போதுதான் ஏறியிருந்தது, அடுத்ததில் பாதி தைத்திருந்தது, மூன்றாவதில் நூல் சுற்றியிருந்தது, நாலாவது முடிந்திருந்தது. கடிதம் இல்லை.

“எழுதேல்லையோ?” என்று கேட்டேன்.

“எழுதினால் விளங்காது அண்ணை” என்றாள் பரிமளம். “அவர் பார்க்கட்டும்.”