கிளிப்பச்சை மேலங்கி

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்து ஆறு பத்தி பிரித்திருக்கிறேன்: பெயர், சக்தி, பலவீனம், எதிரி, உடை, உடையின் நிறம். நடுவில் உள்ளவை ஓரளவு நிறைந்திருக்கும். முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் கேள்விக்குறிதான் அதிகம்.

நாங்கள் படித்த காமிக்ஸ் எல்லாம் உள்ளே கறுப்பு வெள்ளை. வண்ணம் அட்டையில் மட்டும் இருக்கும், எங்களுக்கு அந்த அட்டை கிடைக்காது. புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. புத்தகம் வந்ததும் கடைக்காரர் முதல் வேலையாக அட்டையைக் கிழித்துத் தனிக் கட்டாகக் கட்டிவிடுவார். பெரும்பாலும் முதல் இரண்டு தாளும் அதோடு போய்விடும். ஆகவே எங்கள் நாயகர்கள் யார், எந்த ஊர், ஏன் முகமூடி போட்டார்கள் என்பதெல்லாம் தெரியாது. ஐந்தாம் பக்கத்தில் ஒருவன் கட்டடத்திலிருந்து குதித்துக்கொண்டிருப்பான். அங்கிருந்து நாங்கள் ஆரம்பிப்போம்.

நாங்கள் என்றால் நானும் என் வகுப்புத் தோழியும். இரண்டு பேருக்கும் ஊர் வல்லத்திராக்கோட்டை. ஒரே பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். புத்தகம் என் மடியில் இருக்கும், பக்கம் திருப்புவது அவள். நான் எழுத்தைப் படித்துவிட்டு வேகமாக முடித்துவிடுவேன். அவள் படத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். பார்த்து முடித்ததும் முழங்காலால் என் முழங்காலை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புவாள்.

அவள் அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொடுத்தார். அதனால் அவள் எந்த வீரனையும் தையல்காரி கண்ணோடுதான் பார்த்தாள். மற்றவர்கள் யார் பலசாலி என்று சண்டை போடுவார்கள். எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் உடையைப் பற்றித்தான்.

"ஜிப்பு எங்கடி இருக்கு இவனுக்கு? கழுத்துல இருந்து கால் வரைக்கும் ஒரே துணி. எங்கிட்டுப் பூந்து போட்டான்?"

எலாஸ்டிக் துணியாக இருக்கும் என்பேன்.

"எலாஸ்டிக்னா முட்டியில சுருக்கம் விழுகணும். விழுகல பாரு. அவசரத்துக்கு ஒதுங்கணும்னா இவன் என்ன செய்வான், உலகத்தக் காப்பாத்துறத நிறுத்திட்டு முழுசா அவுப்பானா?"

முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்க, நாங்கள் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்போம்.

பறக்கிறவர்களின் மேலங்கி அவளுக்குப் பிடிக்காது. தோளில் இரண்டே பொத்தானில் அவ்வளவு துணி நிற்காது, காற்றில் கழுத்தை இறுக்கிவிடும் என்பாள். வில்லன்களின் உடையை மதிப்பாள். வில்லன்களுக்குப் பை இருக்கும், பெல்ட் இருக்கும், கை மடிப்பு ஒழுங்காக இருக்கும். யோசித்துத் தைத்த உடை வில்லன்களுடையதுதான் என்பது அவள் முடிவு. அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வில்லி கிடைத்தாள். அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை, பெயரும் தெரியாது. ஒரு நகரத்தின் கடிகாரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போகிறாள். கணுக்கால் வரை தொங்கும் மேலங்கி, அதற்குப் பெரிய காலர். நாங்கள் அவளை மேலங்கிக்காரி என்று கூப்பிட்டோம். கதையின் நடுவில் ஒரு கட்டம் வரும். நாயகனிடமிருந்து தப்பி வந்து, ஒரு மணிக்கூண்டின் மேல் உட்கார்ந்து, கிழிந்த மேலங்கியை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருப்பாள். பேச்சு எதுவும் இருக்காது, ஊசி பிடித்த கை மட்டும் பெரிதாக இருக்கும்.

அந்தப் பக்கத்தில் என் முழங்கால் ரொம்ப நேரம் தட்டப்படவே இல்லை.

"எந்த ஹீரோவாச்சும் தன் துணியத் தானே தைச்சுப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன்.

அந்த வருடம் ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். வழக்கமாகத் தலைவர்கள், டாக்டர், கலெக்டர், மீன்காரி என்றுதான் வருவார்கள். அவள் மேலங்கிக்காரியாகப் போவது என்று முடிவு செய்தாள். வேடம் போட்டவர் மேடையில் நடக்கும்போது இன்னொருவர் மைக்கில் அறிமுகம் சொல்ல வேண்டும், ஐந்து வரிக்கு மிகாமல். அறிமுகம் என் பொறுப்பு. நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, கடிகாரம் வைத்து நேரமும் பார்த்துவிட்டேன்.

நிறம் மட்டும் தீராமல் இருந்தது. நான் கறுப்பு என்றேன். என்னிடம் காரணங்கள் இருந்தன. மேலங்கி முழுக்க நெருக்கமான கோடுகள், அதே கோடுகள்தான் இரவு வானத்துக்கும் போட்டிருக்கிறார்கள், ஆகவே இரண்டும் ஒரே நிறம். அவள் கிளிப்பச்சை என்றாள். அவளிடம் ஒரே காரணம்தான்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியிறவ இல்லடி அவ. ஊருக்கே தெரியிற எடத்துல ஏறி நிக்கிறவ. கறுப்புல எப்படி நிப்பா?"

அவள் அம்மாவிடம் ஒரு கல்யாண ஆர்டரில் மிஞ்சிய லைனிங் துணி கிளிப்பச்சையில் இருந்தது. இதற்காகக் கறுப்புத் துணியை அந்த வீட்டில் காசு போட்டு வாங்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருக்கும்போது விட்டுக்கொடுப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

விழா நாளன்று மேடைக்குப் பின்னால் அவள் பையைத் திறந்தாள். நல்ல காலர், உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்தது. ஓரம் முழுக்கக் கைத்தையல். அந்தத் தையலை அவளே போட்டிருந்தாள், அந்தக் கட்டத்தில் வரும் வில்லி மாதிரி. நான் தையலைப் பார்க்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தேன்.

அறிமுகத்தின் மூன்றாவது வரியில் கறுப்பு மேலங்கி என்று இருக்கிறது, பச்சையைப் போட்டுக்கொண்டு வந்தால் நான் படிக்க மாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. நான் எப்போதும் உயர்த்துவதில்லை.

"ஒரு வரியத்தானே மாத்தணும்," என்றாள்.

தப்பான தகவலை மைக்கில் சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். அவள் காலரைச் சரிசெய்துகொண்டாள். வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தபோது மேடை ஏறிவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மைக் ஆறு எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது.

அறிமுகம் சொல்ல யாரும் வராததால் நிகழ்ச்சியை நடத்திய ஆசிரியை தானே மைக்கை எடுத்தார். அவளைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், "அடுத்ததாக நம்ம பச்சைக்கிளி" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின் வரிசையில் யாரோ "அக்கா அக்கா" என்று கிளி மாதிரி கத்தினார்கள். அவள் மேலங்கியின் இரண்டு முனைகளையும் பிடித்து, சிறகாக அடித்துக்கொண்டு, மேடையை ஒரு சுற்று சுற்றினாள். கைதட்டல் ரொம்ப நேரம் ஓயவில்லை. ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் சமாதானமும் ஆகியிருப்போம். அன்று பஸ்ஸில் அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள், இடம் கிடைத்தது அங்கே என்பது போல. மறுநாளும் அங்கேயே இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் பிரிவு மாறியது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துச் சென்னையில் வேலைக்குப் போனேன். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை. அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி ஊரில் பஸ் நிறுத்தத்தில் பார்ப்போம்.

"எப்ப வந்த?"

"நேத்து."

"நல்லாருக்கியா?"

"ம், நீ?"

இத்தனை வருடமாக இந்த நாலு வரிதான். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது வரி ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டு போவேன். பஸ் வந்துவிடும்.

இந்த வருடம் விடுப்பில் வந்திருந்தபோது புதுக்கோட்டையில் புத்தகக் கண்காட்சி நடந்தது. காமிக்ஸ் விற்கும் கடையில், கெட்டி அட்டையில், முழு வண்ணத்தில் மேலங்கிக்காரியின் கதை இருந்தது. அட்டையில் இருந்த மணிக்கூண்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள், அட்டையில் அவள் இல்லை, நாயகன் மட்டும். பணம் கொடுத்து வாங்கி வெளியே ஒரு மர நிழலில் நின்றேன். உறையைக் கிழிக்கும் முன் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். ஒன்று, பச்சையாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போய் நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடலாம். இரண்டு, கறுப்பாக இருந்தால் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். மனம் பச்சை, பச்சை என்று அடித்துக்கொண்டது.

மஞ்சள். சாமந்திப் பூ மஞ்சள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், இந்தக் கதை முதலில் வெளிவந்ததே கறுப்பு வெள்ளையில்தான் என்றும் அட்டைப் படம் அதே பழைய படம்தான் என்றும் இந்தப் பதிப்புக்காகக் கணினியில் புதிதாக வண்ணம் சேர்த்திருப்பதாகவும் போட்டிருந்தது.

அந்த மேலங்கிக்கு நிறமே இருந்ததில்லை. யார் சரி என்று நிரூபிக்க உலகத்தில் எந்தப் புத்தகமும் கிடையாது. நான் மைக்குக்குப் போகாததற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஊரில் தோழியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மெஷினை நிறுத்தாமலே, "வா ஆத்தா, இங்கிட்டு உக்காரு," என்றார். நம்பர் கேட்டேன். ஒங்கிட்ட இல்லையா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுக் கொடுத்தார். மேலங்கியை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள், தலையணை உறைக்குக்கூட எடுக்க விடமாட்டேன் என்கிறாள் என்றும் அவர் சொன்னார்.

ஊசி பிடித்த கை வரும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நான் யார் என்பதையும் எழுதினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் சென்னைக்குத் திரும்பப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது.

"இதுலயும் ஜிப்பு இல்ல."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். ஊர் வீட்டிலிருந்து எடுத்து வந்த நோட்டு பையில் இருந்தது. திருமயம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே புறப்படத் தயாராக நின்றது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, குரல் பதிவை அழுத்தி, அந்த ஐந்து வரியையும் படித்தேன். இதோ வருகிறாள், இந்நகரத்தின் காலத்தை நிறுத்தியவள். மணிக்கூண்டுகள் இவளைக் கண்டால் மூச்சடக்கும். மூன்றாவது வரியில் கறுப்பு என்று எழுதியிருந்த இடத்தில் கிளிப்பச்சை மேலங்கி என்று படித்தேன். தன் கையால் தைத்தது என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். ஐந்து வரிக்கு மேல் போய்விட்டது.

அவள் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. தட்டச்சு செய்கிறாள் என்று வரும், நின்றுவிடும், மறுபடி வரும். என் பஸ் வந்தது. ஏறவில்லை.

பிறகு அவள் குரல் வந்தது. பின்னால் நிறைய மெஷின்கள் ஓடும் சத்தம்.

"பஸ் சத்தத்துல பாதி கேக்கலடி. இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

சத்தம் குறைவாக இருக்கும் இடம் தேடி, மூடியிருந்த ஒரு கடையின் ஓரமாகப் போய் நின்று, நோட்டை விரித்துக்கொண்டேன்.