தோத்ரம் ஞானசேகரன்

“தோத்ரம்!” என்று ஞானசேகரன் உரக்கக் குரல் கொடுக்கிறார். போதகர் அப்போது அறிவித்துக்கொண்டிருப்பது, சபைக் கழிவறையில் குழாய் உடைந்துவிட்ட செய்தியை.

யார் வாய் திறந்தாலும் ஞானசேகரனுக்கு அது நற்செய்திதான். சிதம்பரத்தில் எங்கள் சபையின் முன்வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் காதோரம் வழியும் தேங்காய் எண்ணெயுமாக உட்கார்ந்திருப்பார். பாடகர் குழுவில் செந்தமிழ்செல்வன் சுருதியை எங்கேயோ விட்டுவிட்டுப் பாடினாலும், முடிந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். “என்னா வாய்ஸு பிரதர்! ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சி!” செந்தமிழ்செல்வன் அதை நம்பிவிட்டார். இப்போது வாராவாரம் தனிப்பாடல்.

வார நாட்களில் தண்ணீர் கேன் போடுகிறார். அண்ணாமலை நகரில் அவர் போகும் லாட்ஜுகளில் லிஃப்ட் கிடையாது. தோளில் கேனோடு மூன்றாம் மாடி ஏறி, மூச்சு வாங்கியபடியே அரியர் வைத்த பையன்களுக்குத் தைரியம் சொல்வார். “உடு தம்பி, போன தடவைய உட கொஞ்சம் மார்க்கு ஏறித்தான இருக்குது? அப்பறம் என்னா?” மேம்பாலத்தில் திணறும் தன் பழைய மொபெட்டையும் விடுவதில்லை. டேங்கைத் தட்டிக்கொடுத்து, “ஏறு ராஜா, ஏறிடுவ” என்பார். இந்த உபசாரமெல்லாம் வெளியாருக்குத்தான். அவர் மனைவி அமிர்தம் என்னிடம் புலம்பினார்: “ஊருக்கெல்லாம் தோத்ரம், எங் கொழம்புல மட்டும் உப்பு ஜாஸ்தி. வூட்டுக்கு வர்றதுக்குள்ள ஸ்டாக்கு தீந்துடுது சார்.”

எனக்கும் இந்த மனிதர்மேல் நெடுநாள் எரிச்சல். பிரசங்கம் எப்போது முடியும், வீட்டில் கறிக்குழம்பு ஆறிப்போகுமே என்று கவலைப்படுகிற விசுவாசி நான். முந்தைய போதகர் வந்த புதிதில் அரை மணி நேரம் பேசினார். ஞானசேகரன் போட்ட தோத்ரத்தில் ஊட்டம் ஏறி, மாற்றலாகிப் போகும்போது ஒன்றரை மணி நேரத்தில் இருந்தார்.

ஒருநாள் என் வீட்டுக்குக் கேன் போட வந்தபோது கேட்டேவிட்டேன், ஏனய்யா இப்படி என்று. கேனை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “மாடி ஏறும்போது மேலேர்ந்து ஒரு பையன் ‘இன்னும் கொஞ்சந்தாண்ணே’ன்னு கொரலு குடுப்பான் சார். அவன் வந்து தூக்க மாட்டான். ஆனா கேனு லேசாயிடும்.”

நிஜமாகவே கொஞ்சம்தானா என்றேன்.

“எங்க! பாதி மாடி கெடக்கும். பொய்தான் சார். அதுக்காவ உண்மையச் சொல்லி எறக்கி வெக்கச் சொல்லணுமா?”

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. அதனால் எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடியது.

போன மாதம் கிள்ளையில் உள்ள எங்கள் கிளைச் சபைக்கு ஓர் உபதேசியார் தேவைப்பட்டார். வந்தவர் இளவரசு. நாற்பதைத் தாண்டியவர். கடலூரில் டைல்ஸ் கடை வேலையை உதறிவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊழியத்துக்கு வந்திருந்தார். எங்கள் முன்னால் ஒரே ஒரு பிரசங்கம். தேறினால் கிள்ளை, இல்லாவிட்டால் வந்த வழி. சபைச் செயலாளர் தங்கம்மாள் டீச்சர் முந்தின நாளே ஞானசேகரனைக் கூப்பிட்டு எச்சரித்தார்.

“நீங்க தோத்ரம் போட்டா கழுதகூட பிரசங்கியாரு மாதிரி தெரியுது. ஆளு எப்பிடின்னு எங்களுக்குத் தெரியணும். நாளைக்கி நீங்க வாயே தொறக்கக் கூடாது. கடைசி வரிசையில ஒக்காருங்க.”

“தொறக்க மாட்டேன் டீச்சர். கர்த்தர் சாட்சி.”

ஞாயிற்றுக்கிழமை, செருப்பு விடும் வாசலோரம், என் பக்கத்து நாற்காலியில் ஞானசேகரன். முன்வரிசை வெறிச்சோடிக் கிடந்தது; ஆண்டவருக்கு அவ்வளவு கிட்டே உட்கார எங்கள் சபையார் விரும்புவதில்லை. இளவரசு நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிறகு தங்கம்மாள் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டார். சொல் நின்றது. தண்ணீர் குடித்தார். “அன்பானவர்களே” என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் “அன்பானவர்களே”. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஓரத்தில் அவர் மனைவி குழந்தையை மடியோடு அழுத்திப் பிடித்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கறிக்குழம்பு மறந்துபோயிற்று. ஞானசேகரன் பக்கம் சாய்ந்து, “போடுமய்யா ஒரு தோத்ரம்” என்று கிசுகிசுத்தேன்.

அவர் முகம் வியர்த்திருந்தது. “டீச்சர்கிட்ட வாக்குக் குடுத்துட்டனே சார்.”

பிறகு எழுந்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேன் தூக்குகிற வாக்கில் தோளில் ஏற்றிக்கொண்டு, சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, நடுவழியே நடந்து போனார். காலியாகக் கிடந்த முன்வரிசையையும் தாண்டி, பிரசங்க மேடைக்கு நேர் எதிரே அதை டக்கென்று போட்டு உட்கார்ந்தார். இளவரசு இன்னும் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. ஞானசேகரன் அண்ணாந்து அவரைப் பார்த்து, ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டத் தொடங்கினார்.