ஒரே கம்ப்யூட்டரில் ஓடிய தராசு

மண்டி மொஹல்லா கடைவீதியில் ஒரு கடைக்காரரின் லேப்டாப்பில் பைத்தான் என்ற நிரல்மொழியையும், எடைத்தராசுக்கான துணைப்பகுதியையும் ஏற்றிக்கொடுத்துவிட்டு நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு வரி தட்டினேன், முடிந்தது. அவர் வரவழைத்த டீ ஆறக்கூட இல்லை. சந்து முனையில் யாரோ பழைய சிபியூவின் மூடியைக் கழற்றி ஊதிக்கொண்டிருக்கிறார். சூடேறிய தூசி வாசனை. உங்களுக்கு அது தும்மல். எனக்குப் பழைய ஒரு நாளின் பயம்.

இதே சந்தில்தான் மாடியில் ஸ்டெல்லா அக்காவின் ஆபீஸ் இருந்தது. ஹனூரில் பியூசி படிப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அங்கே ஒதுங்கினேன். என் படுக்கை, மேஜைக்கு அடியில். மழையில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

அக்காவுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் மஞ்சள் கிடங்கு மூர்த்தி அண்ணன். மூட்டை தராசில் ஏறியதும் எடை தானாகத் திரையில் வர வேண்டும். அக்கா பைத்தானில் எழுதிவிட்டார். தராசோடு பேசும் சிறு பகுதி மட்டும் சி மொழி. அதை விண்டோஸ் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, முடியாமல் இரண்டு தடவை தேதி தவறிவிட்டது. "இன்னிக்குச் சாயங்காலம் ஓடுலீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க" என்று போனில் சொல்லிவிட்டார் அண்ணன். அவர் போனால் ஆபீஸ் இல்லை. ஆபீஸ் போனால் எனக்குக் கூரை இல்லை.

அப்போது ஒரு சம்பிரதாயம் உண்டு. பைத்தானை எந்த வருடத்துக் கம்பைலரில் செய்தார்களோ, அதே வருடத்துக் கம்பைலர்தான் அதன் துணைப்பகுதிக்கும் வேண்டும். புதியது ஆகாது. நாங்கள் ஏற்றினோம், கழற்றினோம், மறுபடி ஏற்றினோம். கம்பைலரையே காணோம் என்று கறுப்புத் திரை திரும்பத் திரும்பச் சொன்னது. கைக்கு வந்த செட்டிங்கையெல்லாம் மாற்றினோம். மதியத்துக்கு மேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திடீரென்று ஓடியது. எதை மாற்றியதால் ஓடியது என்று இருவருக்குமே தெரியாது.

அண்ணனுக்காக வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துப் போட்டேன். ஓடவில்லை.

"ஏன்ப்பா, அதே ஃபைல்தானே?"

"அதேதானுங்க அக்கா."

"அப்போ இதுல ஓடறது அதுல ஏன் மொறைக்குது?" கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இந்த டப்பாவையே தூக்கு. ஸ்வல்ப மெதுவா."

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா "நிதானா, நிதானா" என்றார். டிரைவர் திரும்பி, "என்ன மேடம், பிரசவ கேஸா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கிடங்கில் முதல் மூட்டையை ஏற்றினார்கள். திரை வெறுமையாக நின்றது. அக்காவின் விரல்கள் கழுத்துச் சிலுவையைப் பிடித்தன. பிறகு எடை வந்தது.

இது ஆபீஸ் கம்ப்யூட்டர், புதுசு பிறகு வரும் என்றார் அக்கா. மூர்த்தி அண்ணன் முகம் மாறவில்லை. "இதக் கழட்டிக்கிட்டுப் போயி, வேறொண்ணு கொண்டாந்து, அது ஓடுலீன்னா?"

அக்கா குனிந்து, தராசு ஒயர் கழன்றுவிடாமல் அழுத்திவிட்டார்.

"டப்பா இங்கயே இருக்கட்டும். தொடத் தெரிஞ்சவனும் இங்கயே இருக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். "போறியாப்பா?"

"படுக்க எடமிருக்குதுங்களா?" என்று அண்ணனைக் கேட்டேன். இருந்தது.

இப்போது அந்த மாடியில் மொபைல் கவர் விற்கிறார்கள். யாரோ எங்கேயோ கம்பைல் செய்துவைத்தது நொடியில் வந்து இறங்குகிறது. அந்தப் பயம் போயிற்று. அன்றைக்கு மறுநாள் காலை கிடங்கில் நான் சேர்ந்தேனே, அந்த மாதிரி வேலையும் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, விண்டோஸ் அப்டேட் கேட்கும்போதெல்லாம், எதுவும் மாறிவிடாதபடி 'பிறகு' என்பதை அழுத்தும் வேலை.