மேஜைய ஊத்து

நகரப் பேருந்து ஓட்டுகிற அவரை டிப்போவில் எல்லோரும் ‘பிரேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன கேட்டாலும் ஒரு கணம் நின்று யோசித்த பிறகே வாயைத் திறப்பார். அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதரோ வாய் ஓயாதவர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது தொழில்; அதனால் பெயரே பல்செட்டு ஆகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “ஊரான் பல்லைப் பார்த்துக்கவே நேரம் போதல, இதுல என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்க ஒருத்தி வேணுமா?” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்செட்டு பிரேக்கின் வீட்டுக்கு வந்துவிடுவார். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ரகசிய எழுத்துப் புதிர் போடுவார்கள். ஒரு வாரம் இவர் கொடுப்பார், அவர் அவிழ்ப்பார். அடுத்த வாரம் முறை மாறும். கசடதபற வரிசையில் ஒவ்வொன்றையும் அடுத்த எழுத்தாக்கி, ‘கதவு’ என்பதைச் ‘சபவு’ என்று எழுதுவதில்தான் ஆரம்பித்தார்கள். போகப்போகச் சொல்லுக்குப் பதில் வேறு சொல்லையே வைக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. கொடுத்தவர் துப்புச் சொல்வதானால் அதையும் சங்கேதத்தில்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு புதிருக்குள் ஒரு பொருளுக்கு ஒரு மாற்றுச் சொல்தான். இரண்டு வைத்தால் அது களவாணித்தனம் என்பது பல்செட்டு போட்ட சட்டம். அவர் அதை மீறியதே இல்லை.

“நேராப் பேசினாலே ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குப் புரியாது, இதுல இது வேற” என்பார் பிரேக்கின் மனைவி. அவர் திரைச்சீலை தைப்பவர். தையல் இயந்திரமும் அதே சமையலறையில்தான் இருந்தது.

அந்த ஞாயிறு, புதிர் கொடுக்கும் முறை பல்செட்டுக்கு. பிரேக் காகிதத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் பகல் சங்கு ஊதியது. “பல்லு பிடுங்க வர்றவன்கூட இந்தக் கத்து கத்த மாட்டான்டா” என்றார் பல்செட்டு. மனைவி சிரித்துக்கொண்டே அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு மறுபடி தையலுக்குப் போனார்.

தேநீர் கொதித்தது.

“தங்கச்சி, மேஜைய ஊத்து” என்றார் பல்செட்டு.

பிரேக் நிமிர்ந்தார். துப்பு! அதை ஓரத்தில் குறித்துக்கொண்டார். “மேஜைன்னா தேநீரா?”

 “சாவிக்குக் குளிருது. மடிச்சு நட” என்றார் பல்செட்டு, எரிச்சலோடு.

அதையும் எழுதினார் பிரேக். சாவி, குளிர், மடிப்பு. காகிதத்தில் இருந்த வாக்கியத்தோடு பொருத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. இந்த வாரம் ஆள் கடினமாகத்தான் போட்டிருக்கிறான் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. “பொறுடா, கண்டுபிடிக்கிறேன்.”

மனைவி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். பல்செட்டு அதைக் கையால் சுட்டிக்காட்டி, “செருப்பு” என்றார். உடனே, “செருப்பு, செருப்பு” என்று குரலை உயர்த்தினார்.

பிரேக்கின் பென்சில் நின்றது. தேநீர் என்றால் மேஜை என்றான். இப்போது அதே தேநீர் செருப்பு என்கிறான். ஒன்றுக்கு இரண்டு. இவன் அப்படிச் செய்ய மாட்டான். உயிரே போனாலும் செய்ய மாட்டான்.

அப்போதுதான் காகிதத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். உதட்டின் வலது ஓரம் இறங்கியிருந்தது. டம்ளரை எடுக்கப் போன வலது கை அதன் பக்கத்தில் பொத்தென்று விழுந்து கிடந்தது.

“இது புதிர் இல்ல” என்றார் பிரேக். “ஆம்புலன்ஸுக்குப் போன் போடு.”

மனைவி போட்டார். வண்டி நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். பிரேக் படியிறங்கி ஓடி, எதிரே மெத்தைக் கடைக்காரரிடம் அவருடைய வேன் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரரும் கூடவே ஓடிவந்து, பல்செட்டைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்ற உதவினார்.

பல்செட்டுக்குக் கோபம். தான் ஒழுங்காகத்தான் பேசுகிறோம், இவர்களுக்குத்தான் காது கேட்கவில்லை என்பதுபோல் முறைத்தார். “சோப்பு! சோப்பு!” என்று கத்தினார். “ஆமாண்ணே, சோப்புதான், வந்துட்டோம்ணே” என்று மனைவி அவரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் கத்துவதை நிறுத்தினார். அது கத்தலைவிடப் பயமாக இருந்தது. “தூங்க விடாதே, பேசிக்கிட்டே வா” என்றார் பிரேக். ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நிதானத்துக்குப் பெயர் போனவர் அன்று சிவப்பு விளக்கு எதையும் பார்க்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார். “மூளைல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்க மருந்து இருக்கு. கடைசியா எப்போ நல்லா இருந்தார்? சரியாச் சொல்லணும். நேரம் தாண்டியிருந்தா அந்த மருந்தே ஆபத்து, மூளைக்குள்ள ரத்தம் கசியலாம்.”

“காலைல வரும்போதே கொஞ்சம் சோர்வா இருந்தாருங்க” என்றார் மனைவி. சொன்னதும் அவருக்கே அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா பிரேக்கைப் பார்த்தார். பிரேக் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றியபோது என்ன சொன்னான்? மாடிப்படியைத் திட்டினான். சரியாகத்தான் திட்டினான். காகிதத்தைக் கொடுக்கும்போது? ‘இன்னிக்கு மாட்டினேடா.’ அதுவும் சரி. அப்புறம் சங்கு.

“பகல் பன்னெண்டு மணிச் சங்கு ஊதினப்போ ஒரு கிண்டல் பண்ணினான்” என்றார். “முழு வாக்கியம். ஒரு சொல் பிசகல. சொல்லிட்டு அவனே சிரிச்சான், முகம் கோணல. அதுக்கப்புறம்தான்.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

“நீங்க அவருக்கு என்ன உறவு?”

பிரேக் வழக்கம்போல் தயங்கினார். “கூடப்பிறந்தவர்” என்றார் மனைவி. கதவு மூடிக்கொண்டது.

உட்கார நாற்காலி இருந்தும் இருவரும் உட்காரவில்லை. நேரத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் நானே அவனைக் கொன்றவனாவேன் என்ற நினைப்பு பிரேக்கை விடவில்லை. குறிப்பெடுத்துக் கழித்த அந்த நிமிடங்களை நினைத்தபோது அதைவிட மோசமாக இருந்தது.

பல்செட்டு பிழைத்துக்கொண்டார். கால் சரியானது. வலது கை முழுதாகத் தேறவில்லை. மெழுகில் பல் செதுக்கும் வேலை போய், பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்கும் வேலையைப் பல் செய்யும் கூடத்தில் கொடுத்தார்கள். பேச்சுதான் படுத்தியது. கதவைக் கேட்டால் கரண்டி வரும்.

பிரேக் விடியற்கால ஷிஃப்ட் கேட்டு வாங்கி, மதியங்களில் பேச்சுப் பயிற்சிக்குத் துணைக்குப் போனார். பழக்கதோஷம், அங்கேயும் கணக்குப் போட்டார்: எந்தச் சொல்லுக்கு எது வருகிறது? பயிற்சி தருகிற பெண் ஒருநாள் சொல்லிவிட்டார். “இதுக்கு விடை கிடையாதுங்க சார். அவர் சொல்ல வர்றது உள்ள சரியாத்தான் இருக்கு. வர்ற வழி அடைஞ்சிருக்கு. நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. காத்திருங்க.”

மறுபடி ஒரு ஞாயிறு. மேஜையில் இருவரும், இயந்திரத்தில் மனைவியும். பல்செட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். “சட்டை...” என்றார். தலையை ஆட்டினார். “இல்ல. சக்கரம்... ப்ச்.” கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி தைப்பதை நிறுத்தி, “என்னண்ணே, தண்ணியா?” என்று எழப்போனார். பிரேக் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். பல்செட்டு மேஜை விளிம்பை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். யாரும் அசையவில்லை.

“ஜ... ஜன்னல். ஜன்னலைத் திற.”

பிரேக் எழுந்து போய்த் திறந்துவிட்டார்.

“வேர்க்குது” என்றார் பல்செட்டு. அது தானாக வந்தது.