வேலாயி வாயாரக் கூப்பிட்ட பெயர்

லிந்துலைக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையை ஒட்டி, தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்த வேலாயி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி வாசிக்கும் நாற்பது பெயர்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள். எழுத்து வாசனை அறியாதவள். ஆனால் ஒருமுறை காதில் விழுந்த பெயரை மறந்தவள் அல்லள். அப்படிப்பட்டவளின் வாயிலிருந்து மூன்று பெயர்கள் மட்டும் ஒருநாளும் வெளிவந்ததில்லை. கணவன் பெயர் பழனியாண்டி. மாமனார் பெயர் முத்துலிங்கம். மாமியார் பெயர் மாரியாயி. கட்டியவன் பெயரையும் அவனைப் பெற்றவர்களின் பெயர்களையும் பெண்ணொருத்தி உச்சரிப்பது ஆகாத காரியம் என்பது அக்காலத்தார் கொண்டிருந்த நியமம்.

புதிதாக வந்த கணக்கப்பிள்ளை ஒருவர் அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டபோது, "மொட்டை போடப் போவோமுங்களே, அந்த மலை மேல கோவணத்தோட நிக்கிறவரு பேருங்கய்யா" என்றாள். பெரட்டுக்களம் முழுவதும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது. தலைப்பிள்ளை ஆணாகப் பிறக்கவே, வழக்கப்படி பாட்டன் பெயரை, அதாவது முத்துலிங்கம் என்ற பெயரை, அவனுக்கு இட்டார்கள். அன்று முதல் பெற்ற மகனின் பெயர் தாயின் நாவுக்கு விலக்காயிற்று. "தம்பி" என்றே அழைத்துவந்தாள். அவனுக்கு நான்கு வயதான ஓர் ஆடி மாதத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலிருந்து அவன் எப்படியோ நழுவிவிட்டான். கைக்கெட்டும் தேயிலைச் செடிகூடத் தெரியாத பனிமூட்டம். வேலாயி கூடையை உதறிவிட்டு, "தம்பி! தம்பி!" என்று கதறிக்கொண்டு ஓடினாள். மேட்டிலிருந்து ஒருவன் "என்னம்மா?" என்றான், பள்ளத்திலிருந்து இன்னொருவன் ஏனென்றான். தோட்டத்தில் தம்பிகளுக்கா பஞ்சம்? அவளுடைய பிள்ளையின் குரல் மட்டும் வரவில்லை. பெயர் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல் எழுந்தது. "முத்துலிங்கம்! ஏலே, முத்துலிங்கம்!"

ஓடைக்கரையிலிருந்து, "ஓய்!" என்று பதில் வந்தது. வழுக்குப் பாறைக்கு இரண்டடி இப்பால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

குரல் கொடுத்தவள் லயத்தின் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், தனியாக வசித்த மருதாயி. ஐம்பதை எட்டிய கைம்பெண், வாய்த்துடுக்கு மிக்கவள். அன்றிலிருந்து வேலாயிக்கு அவளே இரவல் நாவாக இருந்தாள். அந்திப் பொழுதில் விளையாடும் பிள்ளையை அழைக்க வேண்டுமா? "மருதாயக்கா, ஒரு சத்தம் குடுங்க" என்றால் போதும். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்தச் சத்தம் ஒருநாளும் தவறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மாசியில் வேலாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் பெயர் சூட்டுவதாக ஏற்பாடு. குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும் உரிமை அத்தைக்கு உரியது. பழனியாண்டியின் அக்காள் சண்முகவடிவு கருகமணிக் காப்புடன் டயகமவிலிருந்து முதல் நாளே வந்து சேர்ந்தாள்.

"செத்து மூணு வருசம் ஆகல, எங்க ஆத்தாளே திரும்பி வந்துருச்சு. மாரியாயின்னு கூப்பிட வேண்டியதுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அவள்.

வேலாயி மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையையும் வாயாரக் கூப்பிட முடியாமற் போனால்? பதினைந்து நாளாக மனத்திற்குள் உருட்டி வைத்திருந்ததைத் துணிந்து சொன்னாள்.

"மதினி, மருதாயின்னு வைக்கலாமுங்க."

"என்னது! பக்கத்துக் காம்பராக்காரி பேரையா? கப்பல் ஏறி வந்தவுங்களோட போன பேருடி அது! இந்தத் தோட்டத்துல மாரியாயி பதினோரு பேரு இருக்காங்க. மருதாயின்னு இவ ஒருத்திதான் மிச்சம்."

காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாத சுவர். அதற்கு அப்பாலிருந்து மருதாயியின் குரல் வந்தது: "நல்லாச் சொல்லு தாயி! எம் பேரு எனக்கே புடிக்கல. பச்சப்புள்ள தலையில அதைக் கட்டாதீங்க!"

"நீ சும்மா இரு அக்கா," என்று சுவரை நோக்கிச் சொன்ன பழனியாண்டி, தமக்கையிடம் திரும்பினான். "ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பேரு மாதிரித்தான் இருக்கு. ஆத்தா பேரைப் பெரட்டுல கூப்பிட்டா மருதாயக்காவும் சேந்து திரும்பும். இவளைக் கூப்பிட்டாலும் எனக்கு ஆத்தாளக் கூப்பிட்ட மாதிரியே இருக்கும்."

"அப்படியாடா? ஒண்ணு மாதிரி இருந்தா, இவ அதையும் சொல்லக் கூடாதே!" என்று மடக்கினாள் சண்முகவடிவு.

அதற்கு வேலாயி பதில் சொன்னாள். "ஒம்பது வருசமா அத்தைக்கு முன்னாடியேதான் மருதாயக்கா, மருதாயக்கான்னு கூப்பிட்டேன். அத்தை ஒருநாளும் மூஞ்சியச் சுளிச்சதில்லைங்க. 'அவளை நல்லாக் கூப்பிடு, எனக்கும் கேக்கட்டும்'னு சிரிப்பாங்க."

பிறகு மெல்லக் கேட்டாள்: "மதினி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மகளுக்கும் ஒங்க மாமியா பேருதானே? அவளை நீங்க எப்படிக் கூப்பிடுறீங்க?"

சண்முகவடிவு காப்பைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அடுப்பிலிருந்த தேநீர் பொங்கியது, யாரும் இறக்கவில்லை.

"பாப்பான்னுதான்," என்றாள் இறுதியில். "போன மாசம் கொட்டகலை ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறா. புருசன் வீட்டுக்குப் போறா. சோத்துப் பொட்டலத்தை எங்கிட்டயே விட்டுட்டா. 'பாப்பா, பாப்பா'ன்னு கத்துறேன், திரும்பல. எப்படித் திரும்புவா? இடுப்புல ஒரு புள்ளைய வச்சிருக்கவ பாப்பாவா? ரயிலு போயிருச்சு."

சொல்லிவிட்டு அவளே எழுந்து தேநீரை இறக்கினாள்.

மறுநாள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, கிழிந்த வேட்டித் துண்டை விரித்துக் கிடத்தினார்கள். சண்முகவடிவு காப்பைப் பூட்டினாள். குனிந்து அதன் காதருகே மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் மருதாயி என்றே சொன்னாள். நிமிர்ந்தவள், "பேருதான் அவளோடது, வாயும் அவளாட்டம் ஆயிராம பாத்துக்க புள்ள" என்றாள். பெரிய மருதாயி கதவோரத்தில் நின்று சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வேலாயி வேலைக்குத் திரும்பிய நாள், பனி விலகாத காலை. பிள்ளைக் காம்பராவின் ஆயா மீனம்மா புத்தகத்தைப் பிரித்து, "புள்ள பேரு?" என்று கேட்டுவிட்டுப் பழக்க தோஷத்தால் மருதாயியைப் பார்த்தாள். மகனை அழைத்துப்போக வந்தபோதெல்லாம் அவனுடைய பெயரைச் சொன்னவள் அவள்தானே? மருதாயியோ இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, அதற்குத்தான் அந்த நேரம் வாய்த்தது போல, மும்முரமாக மறுபடி கட்டத் தொடங்கினாள்.

"மருதாயி," என்றாள் வேலாயி. சொல்லிவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "மருதாயி. மருதாயிங்க."

"ஒரு தடவ சொன்னாப் போதும் புள்ள, எழுதிட்டேன்," என்றாள் மீனம்மா.

"நீங்க எழுதுங்க ஆயா," என்றாள் வேலாயி. "நான் இன்னும் கொஞ்சம் சொல்லிக்கிறேன்."